காற்றும் கரைவாழ் மக்களும்

காற்றை ஏவல் கொள்வது தமிழருக்குப் புதிய கனவன்று. கரிகாலனின் முன்னோன் ஒருவன் கடலிற் கலம் செலுத்திக் காற்றையும் தன்வயப்படுத்தினான் என்று புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் பாடுகிறார். அப்பாடலின் முற்பகுதியை மேடைதோறும் முழங்கும் நாம் பிற்பகுதியை எளிதில் மறந்துவிடுகிறோம். வென்ற மன்னனின் முன்னிலையிலேயே, தோற்று வடக்கிருந்தவனின் பெருமையை எடுத்துரைக்கும் துணிவு அப்புலவருக்கு இருந்தது. மன்னார்த் தீவின் காற்றாலைகளைப் பற்றி எண்ணும்போது அப்பிற்பகுதியே என் நினைவில் எழுகிறது.

இராமேசுவரத்திற்கு எதிர்க்கரையிலுள்ள அத்தீவின் தென்கரையில், 2020 டிசம்பரில் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை தொடங்கப்பட்டது. ஆலைகள் 30, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் திறனுடையது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு அதனை நிறுவியது பொதுத்துறையைச் சேர்ந்த இலங்கை மின்சார சபை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களே அதன் அறுவடைக்காலம். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றி, நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை இலங்கை இருளில் மூழ்கியதை அறிந்தோர் இதன் அருமையை மறுக்கமாட்டார். காற்றுக்குக் கப்பலும் வேண்டா, டாலரும் வேண்டா.

எனினும் தீவு மக்கள் மகிழவில்லை. மன்னார் தாழ்ந்த மணற்றீவு. ஆலைகளுக்காக இட்ட சாலைகளும் மேடைகளும் மழைநீரின் வழியை அடைத்துவிட்டன என்கின்றனர் ஊரார்; மீன்வளம் குன்றியது என்கின்றனர் மீனவர். இவற்றுள் எது மெய், எது அச்சம் என்று பிரித்தறிவது அறிவியலாரின் பணி. அப்பணியை முடித்த பின்னரன்றோ அடுத்த கம்பத்தை நாட்டவேண்டும்? வலசை வரும் பூநாரை முதலிய பறவைகளைக் கண்காணிக்க ராடார் முறை திட்டத்திலேயே இடம்பெற்றது. போற்றத்தக்க முன்யோசனை! வெள்ளநீருக்கும் அத்தகைய முன்யோசனை வேண்டாவா?

அதானி குழுமம் இதே பகுதியில் ஆலை அமைத்து மின்சாரம் விற்க முன்வந்தது. அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலையைக் குறைக்கப் புதிய அரசு முனைய, 2025 பிப்ரவரியில் அக்குழுமம் விலகிக்கொண்டது. சென்ட் கணக்குப் பேச அவை இருந்தது. வடிகால் கணக்குப் பேச அவை எங்கே? அவ்வாண்டு ஆகஸ்டில் வேறு புதிய ஆலைகளின் பாகங்கள் தீவுக்குள் வரவே மக்கள் வீதிக்கு வந்தனர். ஒரு மாத இடைநிறுத்தத்திற்குப் பின், செப்டம்பரில் காவலரோடு மோதலும் நேர்ந்தது.

இம்மக்கள் நிலத்தின் விலையை நன்கறிந்தவர்கள். போரால் இடம்பெயர்ந்தோர் பலர். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களோ புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறையையே கழித்தவர்கள். அவர்களை முன்னேற்றத்தின் பகைவர் என்று தலைநகரிலிருந்து ஏசுவது அறமன்று.

நின்ற ஆலைகள் சுழலட்டும். தீவில் இனியொரு குழி தோண்டுமுன், நீரோட்ட ஆய்வின் முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு ஊர்தோறும் படிக்கக் கொடுக்கட்டும். மின் வருவாயில் ஒரு பங்கை உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சட்டப்படி ஒதுக்கட்டும். அதற்கும் ஊரார் இசையவில்லையாயின், மாவட்டத்தின் பெருநிலப்பரப்பில் இடம் தேடுவதே முறை.