எஃப் 1.2 பக்திக்கு ஒரு மறுப்பு

எஃப் 1.8 வகை 50 மி.மீ. லென்ஸ் வெறும் விளையாட்டுச் சாமான், தொழிலை மதிக்கிறவர் எடுத்த எடுப்பிலேயே எஃப் 1.2 வாங்கிவிட வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். பக்கம் பக்கமாக எழுதியவர், அந்த லென்ஸ் ஏன் மலிவாக இருக்கிறது என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. விலை குறைவு, ஆகவே மட்டம். புடவைக் கடையில்கூட முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்வார்கள்.

கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். எஸ்எல்ஆர் கேமராவில் உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி மேலே எழும்ப இடம் விட்டுத்தான் லென்ஸை மாட்ட முடியும். மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை கேனன் இஎஃப்பில் 44 மி.மீ., நிக்கான் எஃப் மவுன்ட்டில் 46.5 மி.மீ. குவியத் தூரம் இதைவிடக் குறைந்தால் ஈடுகட்டக் கூடுதல் கண்ணாடிகள் வேண்டும். ஐம்பதுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜெய்ஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896இல் வகுத்த பிளானர் அமைப்பின் வழிவந்த ஆறே கண்ணாடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. கேனன் 1987இல் விட்ட எஃப் 1.8இன் ஆறு கண்ணாடி அமைப்புதான் 1990இன் இரண்டாம் பதிப்பிலும் 2015இன் எஸ்டிஎம்மிலும் இருப்பது. இரண்டாம் பதிப்பின் பிளாஸ்டிக் மவுன்ட் எஸ்டிஎம்மில் உலோகமானது, ஐந்து இதழ் அப்பர்ச்சர் ஏழானது, மோட்டார் மாறியது. எப்போதோ கணக்குப் போட்டு முடித்த வடிவத்தைப் பெருமளவில் செய்து விற்கிறார்கள். விலை குறையாமல் என்ன செய்யும்?

எஃப் எண் இறங்க இறங்கத் தரம் ஏறும் என்பது அவருடைய அடுத்த சூத்திரம். நிக்கானிடம் போய்ச் சொல்லட்டும். இசட் மவுன்ட்டுக்கு 2018இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 எஸ் அமெரிக்காவில் 600 டாலருக்கு அறிமுகமானது. 2024இல் வந்த எஃப் 1.4இன் அறிமுக விலை 500 டாலர். அகலமான அப்பர்ச்சர், குறைந்த விலை! லைக்காவின் 50 மி.மீ. அப்போ சும்மிக்ரான் வெறும் எஃப் 2தான். விலை 7,000 டாலருக்கு மேல். இந்த மூன்று லென்ஸையும் கட்டுரையாளரின் சூத்திரத்தில் எந்த வரிசையில் நிறுத்துவது?

சரி, அவர் கும்பிடும் லென்ஸுக்கே வருவோம். கேனன் ஆர்எஃப் 50 எஃப் 1.2 அறிமுக விலை 2,299 டாலர், எடை 950 கிராம், உள்ளே பதினைந்து கண்ணாடிகள். ஆர்எஃப் 50 எஃப் 1.8 அறிமுகமானபோது 200 டாலர், எடை 160 கிராம். பதினோரு மடங்கு பணத்துக்கு வரும் வெளிச்சம் இரண்டேகால் மடங்கு. ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். ஐஎஸ்ஓ 3200 வைக்க வேண்டிய இடத்தில் 1400 போதும். இன்றைய சென்சாரில் அந்த வித்தியாசத்தை ஆல்பத்தில் கண்டுபிடிக்கிறவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.

மங்கலான மண்டபத்தில் முகூர்த்தம் எடுக்க எஃப் 1.2 இல்லாமல் முடியாது என்கிறார். இவர் முகூர்த்தம் எடுத்திருக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. மணமேடையில் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். ஃபுல் ஃபிரேம் பாடியில் எஃப் 1.2 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஆறரை சென்டிமீட்டர் அளவுதான். மாப்பிள்ளையின் விரல்கள் பெண்ணின் பிடரியில் முடிச்சுப் போடுகின்றன. அவள் முகமோ அதற்கு ஒரு சாண் முன்னால். கண்ணைப் பிடித்தால் தாலி மங்கும், தாலியைப் பிடித்தால் கண் மங்கும். பின்னால் நாத்தனார் கையில் இருக்கும் விளக்கு வெறும் மஞ்சள் பொட்டு. கண்ணும் தாலியும் வேண்டுமென்றால் எஃப் 4க்குப் போயாக வேண்டும். அங்கே போனபின் 200 டாலர் லென்ஸுக்கும் 2,299 டாலர் லென்ஸுக்கும் ஆல்பத்தில் என்ன பேதம் இருந்துவிடப் போகிறது? அவர் சான்றாகப் போட்டிருக்கும் குடும்பப் படமே எஃப் 5.6இல் எடுத்ததென்று படத்தின் அடியில் அச்சாகியிருக்கிறது.

மலிவு லென்ஸுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முழுக்கத் திறந்து வைத்தால் வெள்ளை வேட்டியின் ஓரத்தில் ஊதா நிறம் ஓடும், மூலைகள் இளகும், இருட்டில் ஃபோகஸ் தடுமாறும், மழைத் தூறலுக்குக் காப்பு கிடையாது. ஒரு கண் மட்டும் கூர்மையாக நிற்க, மற்றதெல்லாம் கரைந்துபோகும் தனி உருவப்படமே உங்கள் பிழைப்பு என்றால் எஃப் 1.2 வாங்குங்கள், கொடுக்கும் காசுக்கு அது உழைக்கும். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வேலைக்கான கருவி. அதை மரியாதைக்கான அளவுகோலாக்கி, வாடகை பாடியில் தொழில் தொடங்கும் பையனை மாதத் தவணையில் தள்ளுவதற்குப் பெயர் ஆலோசனை அல்ல.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். போன சீசனில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து அப்பர்ச்சர் எண்களைப் பாருங்கள். எஃப் 1.8 வரை திறந்தும் வெளிச்சம் போதாமல் தவித்த படங்கள் அதிகமா? எஃப் 1.2ஐ ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் எஃப் 2.8க்கு மேலேயே இருக்கிறதா? எஃப் 1.8 வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் நல்ல ஃபிளாஷ் இரண்டு வாங்குங்கள்.