கொலையாளி யார் என்பது மட்டுமா விமர்சனம்?

த்ரில்லர் படம் வெளியானதும் வரும் விமர்சனங்களில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் இருக்கும். படம் பிடித்திருந்தால், "கிளைமாக்ஸ் திருப்பத்தை யாராலும் ஊகிக்க முடியாது." பிடிக்காவிட்டால், "இடைவேளையிலேயே கண்டுபிடித்துவிடலாம்." ரகசியம் கடைசிவரை தாங்கியதா என்ற ஒரே கேள்வியை வைத்துப் பாராட்டும் வசையும் முடிந்துவிடுகின்றன. ரசிகருக்கு எந்தத் தகவலை எப்போது சொன்னார்கள், எதை மறைத்தார்கள், அந்த மறைப்பு நேர்மையானதா என்பதைத்தான் விமர்சகர் எடைபோட வேண்டும். ரகசியமே இல்லாத இடத்தில் பதற்றத்தைக் கட்டி எழுப்பும் படங்களை அளக்க, அந்தப் பழைய கேள்வியால் முடியாது.

மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது ரசிகருக்கு முன்பே தெரிந்தால் கால் மணி நேரப் பதற்றம், தெரியாமல் வெடித்தால் சில நொடி அதிர்ச்சி என்று பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் விளக்கினார் இயக்குநர் ஹிட்ச்காக். எஸ். பாலசந்தரின் 'பொம்மை' (1964) அந்தச் சூத்திரத்திலேயே ஓடுகிறது. குண்டு வைத்த பொம்மை கைமாறிக்கொண்டே போகிறது. நமக்குத் தெரியும், வைத்திருப்பவருக்குத் தெரியாது. 'பாபநாசம்' (2015) படத்தில் கொலை எப்படி நடந்தது, செய்தது யார் என்பதை ஜீத்து ஜோசப் நம் கண்முன்னே காட்டிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் படம் நம்மை நாற்காலி நுனிக்கு இழுக்கிறது, குற்றத்தை மறைக்கும் குடும்பம் தப்பிக்க வேண்டுமே என்று நம்மையே தவிக்க வைத்து. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) தன் பெரிய ரகசியத்தை முடிவுக்கு வெகுமுன்பே அவிழ்த்துவிடுகிறது. ஆனாலும் 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அதற்குத்தான் முதலிடம்.

எதை எப்போது சொன்னார்கள், எதை மறைத்தார்கள் என்ற அளவுகோல் ரகசியத்தைக் கடைசிவரை காக்கும் படங்களுக்கும் பொருந்தும். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாடலே இல்லாமல் வந்த படம். தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுபவர் சிவாஜி கணேசன்; பிறகு ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் அவர் ஒவ்வொரு விதமாக உயிர் பெறுகிறார். சுட்டவர் யார் என்பது இன்று பலருக்கும் தெரியும். தெரிந்தே பார்க்கும்போதுதான் வாக்குமூலங்களுக்குள் எவ்வளவு கவனமாகத் தடயங்களை வைத்திருக்கிறார்கள் என்பது புலப்படுகிறது. இரண்டாம் முறை தாங்குமா என்பதே த்ரில்லருக்கான உண்மையான சோதனை. கடைசி ஐந்து நிமிடங்களில் எங்கிருந்தோ ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து குற்றவாளியாக்கும் படத்தை ஊகிக்க முடியாதுதான். அதைத் திறமை என்று பாராட்டுவது ரசிகரை ஏமாற்றியதற்குத் தரும் பரிசு.

முடிவைச் சொல்லாமல் தீர்ப்பை எப்படி நிரூபிப்பது என்று விமர்சகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் பாதியில் தடயங்கள் விதைக்கப்பட்ட விதம், ஒலி, படத்தொகுப்பு, விசாரணை அதிகாரியின் தர்க்கம் ஆகியவற்றைத் தாராளமாக அலசலாம். முழு அலசலைச் சில வாரங்கள் கழித்து, முன்னறிவிப்போடு எழுதலாம். முடிவு தெரிந்தால் ரசனை கெடாது என்று வாதிடுவோரும் உண்டு. 2011-இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படித்தான் கண்டார்கள். முடிவை அறிந்துகொண்டு படித்தவர்கள் கதையைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். அது சிறுகதைகளை வைத்து நடந்த ஆய்வு. பின்னர் வந்த சில ஆய்வுகள் மாறான முடிவைத் தந்தன. ஆய்வு எதைச் சொன்னாலும், முதல்முறை பார்க்கும் அனுபவம் ஒருவருக்கு ஒருமுறைதான் வாய்க்கும். அதைத் துறக்கும் முடிவை அவர்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய திருப்பம் காத்திருக்கிறது என்று எழுதுவதே பாதி ரகசியத்தை உடைப்பதுதான். அதைப் படித்தவர் அரங்கில் எல்லாரையும் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; கதைக்குள் போகமாட்டார். அடுத்த த்ரில்லருக்கு விமர்சனம் எழுதும்போது, திருப்பம் இருக்கிறது என்பதைக்கூடச் சொல்லாமல் படத்தை மதிப்பிட்டுக் காட்டுங்கள்.