தப்பு கிளார்க்கு மேலயா?

ஊரில் எது நடக்காவிட்டாலும் நம்மாட்களிடம் ஒரு ரெடிமேட் பதில் உண்டு. "பஞ்சாயத்து கிளார்க்குக்கு ஒண்ணும் தெரியாதுப்பா!" அதிகாரிகள் இதையே நாசூக்காகத் 'திறன் குறைபாடு' என்பார்கள். மருந்தும் ரெடி: ஒரு நாள் பயிற்சி, ஒரு ஃபைல், ஒரு பேனா, மதியச் சாப்பாடு :-)

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காட்டுப்பள்ளியையே பார்ப்போம்.

மீஞ்சூர் ஒன்றியத்தில் கடலோரமாக இருக்கும் ஊராட்சி. 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அப்புறம் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளம், துறைமுகம். 2018-ல் துறைமுகம் அதானி கைக்குப் போனது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கத் திட்டம் போட்டார்கள். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை 2021 ஜனவரியில் அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரிலும் அதே கதை.

கிளார்க், அதாவது ஊராட்சி செயலர், இங்கேதான் வருகிறார். 2006-ம் வருட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, வரைவு அறிக்கையின் பிரதி சம்பந்தப்பட்ட உள்ளாட்சி அமைப்புக்கும் போக வேண்டும். கூட்டத்துக்கு முன் மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம். சுருக்கம் தமிழில் கிடைக்கும், சரி. தடிமனான முழு அறிக்கை? ஒரு மீனவர் வந்து "எங்க முகத்துவாரம் என்னாகும் தம்பி?" என்று கேட்டால் செயலர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்? அந்த வேலைக்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் சொல்லித்தர வேண்டியது யார் பொறுப்பு?

அடுத்து பணம். (காமர்ஸ் மாணவன், இதை விட முடியுமா!) ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் கம்பெனி ஊழியர்களின் தொழில் வரி ஊராட்சிக்குத்தான் வர வேண்டும். அரசியலமைப்பின் 276-வது பிரிவுப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் வரை. உச்ச வரி கட்டும் ஆயிரம் பேர் இருந்தால் 25 லட்சம்! ஆனால் ஊழியர் பட்டியலைத் தருவது கம்பெனி. கான்ட்ராக்ட் ஆட்கள் அதில் இருக்கிறார்களா, சம்பளம் சரியா என்று குறுக்கே பார்க்க வேண்டியது செயலர். மூன்று வருடம் பி.காம் படிக்கும் எனக்கே ஒரு சம்பளப் பட்டியலைத் தணிக்கை செய்யச் சொன்னால் வியர்க்கும்.

"அதான் மறைமலைநகரில் பயிற்சி நிறுவனமே இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் செயலர்கள் முக்கியமாகப் பழக வேண்டியிருப்பது எதற்கு? இணையத்தில் கணக்கு ஏற்ற, நிதிக்குழு மானியத்தைத் தலைப்புவாரியாகச் செலவு காட்ட, கிராம சபைத் தீர்மானம் எழுத. எல்லாம் மேலே பதில் சொல்லும் வேலை. எதிரே உட்கார்ந்திருக்கும் கம்பெனியிடம் கேள்வி கேட்கும் வேலையை யார் சொல்லித்தருகிறார்கள்?

தலைவர்கள் ஐந்து வருடத்தில் போய்விடுவார்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 2025 ஜனவரியில் போனார்கள், தனி அலுவலர்கள் வந்தார்கள். அதே நாற்காலியில் இருந்தது செயலர்தான்.

மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி மாதிரித் தொழிற்பேட்டை ஊராட்சிகளுக்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டும். தொழில் வரி, சுற்றுச்சூழல் அறிக்கை, மாசு வாரிய அனுமதியின் நிபந்தனைகள், இந்த மூன்றும் போதும். வகுப்பை ஏசி ஹாலில் வைக்காமல் அந்தந்த ஊர் ஃபைலை வைத்தே நடத்துங்கள்.

அதுவரை கிளார்க்கைத் திட்டாதீர்கள். அவருக்குத் தெரியாமல் இருப்பதில் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள்.