நீலத் தொப்பியும் கட்டப்பட்ட கைகளும்

நம் சங்கத்தில் ராணுவக் குடும்பங்களுக்குக் குறைவில்லை. "பையன் ஐ.நா. படையில் ஆப்பிரிக்கா போயிருக்கிறான்" என்று ஒரு தாய் சொன்னால் நாமும் பெருமைப்படுகிறோம். என்ன உத்தரவோடு போயிருக்கிறான் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டும் என்பதற்கு ருவாண்டா ஒன்றே போதும்.

1994 ஏப்ரல் 6 இரவு அந்நாட்டு அதிபர் ஹப்யரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் தொடங்கிச் சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். மிகப் பெரும்பான்மையோர் டுட்ஸி இனத்தவர். அரிவாளும் தடியும்தான் பெரும்பாலான கொலையாளிகளின் கையில் இருந்தன.

"திடீரென்று மூண்ட வெறி, யாரால் தடுத்திருக்க முடியும்?" என்று சொல்பவர்கள் உண்டு. ஐ.நா. படை அப்போது அங்கேயேதான் இருந்தது. 1993 அக்டோபரில் பாதுகாப்பு சபை அமைத்த, சுமார் 2,500 பேர் கொண்ட படை. அதன் தளபதி, கனடாவைச் சேர்ந்த ரோமியோ டல்லேர், 1994 ஜனவரி 11 அன்றே நியூயார்க்குக்குத் தகவல் அனுப்பினார்: ஆயுதங்கள் பதுக்கப்படுகின்றன, டுட்ஸிகளின் பட்டியல் தயாராகிறது, பதுக்கிய இடங்களைச் சோதனையிடப் போகிறேன் என்று. வேண்டாம், அது உமக்கு அளித்த அதிகாரத்தில் இல்லை, அதிபரிடம் போய்ச் சொல்லும் என்று பதில் வந்தது. ஆயுதம் பதுக்கியவர்களோ அந்த அதிபரின் கட்சிக்காரர்கள்! திருடனின் வீட்டிலேயே திருட்டுப் புகார் கொடுக்கச் சொன்ன கதைதான்.

ஏப்ரல் 7 அன்று பெல்ஜிய வீரர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்தது. அப்போது தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் சுமார் 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தனர். காவலுக்குச் சுமார் 90 பெல்ஜிய வீரர்கள். வாசலுக்கு வெளியே அரிவாளுடன் கூட்டம் காத்திருந்தது. ஏப்ரல் 11 அன்று வீரர்கள் வண்டியேறினார்கள். மக்கள் வண்டிகளின் முன் விழுந்து மறித்தார்கள். எங்களைச் சுட்டுவிட்டாவது போங்கள் என்று கெஞ்சியவர்களும் உண்டு. வண்டிகள் போய்விட்டன. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அன்றே வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, பாதுகாப்பு சபை கூடி அந்தப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. கொலை செய்துகொண்டிருந்த அரசின் பிரதிநிதியும் அந்த ஆண்டு அந்தச் சபையில் ஓர் உறுப்பினர் என்பதை இப்போது படித்தாலும் நம்ப முடியவில்லை. 'இனப்படுகொலை' என்று சொன்னால் 1948-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஏதாவது செய்தாக வேண்டுமே என்று அமெரிக்கா வாரக்கணக்கில் அந்தச் சொல்லையே தவிர்த்தது. 1993 அக்டோபரில் சோமாலியாவில் 18 அமெரிக்க வீரர்களைப் பறிகொடுத்த பயம் அதற்கு இருந்தது. மே மாதம் 5,500 பேரை அனுப்பத் தீர்மானம் போட்டார்கள். ஜூலையில் கிளர்ச்சிப்படை வென்று கொலைகள் ஓயும்வரை அவர்களில் பெரும்பாலோர் வந்து சேரவில்லை.

270 போதாது என்று டல்லேர் 450-க்கும் மேற்பட்டோரைத் தம்முடன் நிறுத்திக்கொண்டார். பெரும்பாலோர் கானா நாட்டு வீரர்கள். போதிய ஆயுதமின்றி, மருந்தின்றி, அவர்கள் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். செனகல் நாட்டுக் கேப்டன் ம்பாயே டியாஞ், ஆயுதமில்லாத பார்வையாளர், காரில் சிலர் சிலராக ஏற்றிக்கொண்டு, சோதனைச் சாவடிகளில் சிரித்துப் பேசியே பலரைக் கடத்திக்கொண்டு போனார். மே 31 அன்று பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். 450 பேரால் இவ்வளவு முடிந்ததென்றால், 2,500 பேருக்கும் உரிய உத்தரவு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

போஸ்னியாவிலும் இதே கணக்குதான். பாதுகாப்புப் பகுதிகளைக் காக்க 34,000 பேர் வேண்டும் என்று கேட்டதற்கு, பாதுகாப்பு சபை 1993-ல் 7,600 பேருக்கு அனுமதி தந்தது. 1995 ஜூலையில் அப்பகுதிகளில் ஒன்றான ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

ஏடுகளில் பழி விழுவது களத்தில் நின்ற சிப்பாய்மேல். எத்தனை பேர், எந்த ஆயுதம், எப்போது சுடலாம் என்பதை முடிவு செய்தவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். பாதுகாப்பு சபையில் இந்தியாவுக்கு நிரந்தர இடம் இல்லை. ஆனால் ஐ.நா. பணியில் உயிரிழந்த இந்திய வீரர்கள் 170-க்கும் மேற்பட்டோர்.

ருவாண்டாவுக்குப் பிறகு பொதுமக்களைக் காப்பதும் அமைதிப்படையின் கடமை என்று உத்தரவுகளில் எழுதத் தொடங்கினார்கள். 2013 டிசம்பரில் தெற்கு சூடானின் அகோபோ முகாமில் டிங்கா இனத்தவர் தஞ்சம் புகுந்தபோது இந்திய வீரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆயுதமேந்திய சுமார் 2,000 பேர் முகாமைத் தாக்கினர். உள்ளே இருந்த நம் வீரர்கள் சுமார் 40 பேர்தான். இருவர் இறந்தனர். தஞ்சம் புகுந்தவர்களிலும் பலர் மாண்டனர். எழுத்தில் கடமை வந்துவிட்டது, ஆள்பலம் வரவில்லை.

இனியொரு படை புறப்படுமுன், அதன் எண்ணிக்கையையும் உத்தரவையும் அரசு நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். நம் தொகுதி எம்.பி.யைச் சந்திக்கும்போது குடிநீர், ரயில் வசதியோடு இதையும் கேட்கலாம்.