பத்து ரூபாய் விளக்கும் பொது மோட்டாரும்

அடுக்ககச் சங்கக் கூட்டங்களில் 'பணம் இல்லை' என்று எவரேனும் எழும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. வேறு ஊர்க்காரர் சொல்லலாம்; புதுச்சேரிக்காரர் சொல்லக்கூடாது.

2014இல் இவ்வூரில்தான் அந்தச் சோதனை நடந்தது. நடுவணரசைச் சார்ந்த ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த எல்.இ.டி. விளக்கு, பழைய குண்டு பல்பைக் கொடுத்தவருக்குப் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. மீதித் தொகையை, மிச்சமாகும் மின்சாரத்தின் மதிப்பிலிருந்து மின்துறை ஆண்டுதோறும் அடைப்பது என்று ஏற்பாடு. வீட்டுக்காரர் கடன்பத்திரம் எதிலும் கையெழுத்திடவில்லை. 2015இல் நாடெங்கும் பரவிய உஜாலா திட்டத்தின் முன்னோடி இதுவே.

பல்புக்குப் பொருந்திய கணக்கு பொது மோட்டாருக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை?

எங்கள் அடுக்ககத்து மோட்டார் இருபது ஆண்டுப் பழசு. மாற்றினால் கட்டணம் குறையும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் வீட்டை வாடகைக்கு விட்டுப் பாரீசில் வாழ்பவர், 'மின்கட்டணம் அவர்களுடையது, செலவு என்னுடையதா?' என்கிறார். குடியிருப்பவரோ, 'பதினொரு மாத ஒப்பந்தக்காரன் நான்' என்கிறார். கஞ்சர்கள் என்று ஏசுவது எளிது, நானும் ஏசியிருக்கிறேன். ஆனால் இருவர் கணக்கும் சரியே. சங்கத்தை நம்பி வங்கி எதைக் கொடுக்கும்? அடகு வைக்க மொட்டைமாடிகூட அதற்குச் சொந்தமில்லை. அது எல்லோருடைய பிரிபடாத பங்கு.

நம்மை ஆண்ட பிரான்சில் 1965ஆம் ஆண்டுச் சட்டம் அடுக்கக உரிமையாளர் அமைப்பைச் சட்டப்படி ஓர் ஆளாகவே ஏற்றது. 2014இல் வந்த சட்டமோ, பராமரிப்பு வரவுசெலவில் குறைந்தது 5 விழுக்காட்டைச் சீரமைப்பு நிதியாக ஒதுக்குவதை 2017 முதல் கட்டாயமாக்கியது. காவலரின் சிவப்புத் தொப்பியையும் தெருப்பெயர்களையும் பொத்திவைத்த நாம் இதை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

நம் நடுவணரசு 2024இல் தொடங்கிய கூரைச் சூரியமின் திட்டம், தனிவீட்டின் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வகுத்தது. சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000. அதாவது அதே மூன்றுக்கு 54,000. சேர்ந்து வாழ்பவருக்குக் குறைவாம்!

பத்து ரூபாய் விளக்கின் ஏற்பாட்டையே பொது மின்இணைப்புக்கும் நீட்டுங்கள் என்கிறேன். மோட்டாரை மின்துறை தரட்டும்; தவணை பொதுக் கட்டணத்தோடு வரட்டும்; கடன் ஆளின் பெயரில் வேண்டாம், இணைப்பின் பெயரில் இருக்கட்டும். கட்டாத சங்கத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இணைப்பைத் துண்டித்தால் இரண்டு நாள் குடத்தோடு படியேறுவார்கள். மூன்றாம் நாள் கட்டிவிடுவார்கள்.