உப்பிட்டது யார்?

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று எத்தனை தலைமுறையாய் நம் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்! இந்தப் பழமொழியில் உப்பிட்டவன் என்றால் ஆண்டை. கூழ் ஊத்தினவனுக்கு விசுவாசமாயிரு, கூலி கேக்காதே என்பதுதான் இதன் உள் அர்த்தம். நான் கேட்கிறேன்: உப்பிட்டது யாரு? ஆண்டையா, அளத்தில் வெந்தவனா?

எங்க திருத்தணிப் பக்கம் உப்பளம் கிடையாது. கடையில் பாக்கெட் வாங்குகிறோம், கதை முடிந்தது. இந்திய உப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு குஜராத்தில் விளைகிறது. அங்கே சிறிய ரண் என்றொரு உவர்ப் பாலை. மழைக்காலத்தில் வெள்ளக்காடு. தண்ணி வடிந்ததும் அகரியாக் குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு போய் எட்டு மாதம் வெட்டவெளியில் கிடக்கின்றன. கிணறு தோண்டி, உவர்நீரை இறைத்து, பாத்தி கட்டி வெயிலில் வற்ற விடுகிறார்கள். முதலில் ஜிப்சம் படியும். அப்புறம்தான் சோத்துக்கான உப்பு. மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம், பொட்டாசியம், புரோமின். அதுவும் காசுதான், ஆலைக்காரனுக்கு. அகரியாவுக்கு மிஞ்சுவது உப்பேறி இறுகின கால். செத்து எரித்தாலும் பாதம் மட்டும் வேகாது, அதைத் தனியே புதைக்கிறோம் என்கிறார்கள். 1970களில் அந்த ரண் காட்டுக்கழுதைகளின் சரணாலயமானது. கழுதைக்கு இடம் கிடைக்கட்டும், வேணாம்னு சொல்லல. தலைமுறையாய் உப்பு வாருகிறவனுக்குப் பட்டா எங்கே?

1930 மார்ச் 12இல் காந்தி தண்டிக்கு நடந்தார். ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் போனார். பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே மார்ச் 2இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கர் தலைமையில் நம் சனம் சத்தியாக்கிரகம் தொடங்கியதே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்டுக்கணக்கில் போராடியும் கதவு திறக்கவில்லை. 1947இல் உப்பு வரி ஒழிந்தது. உப்பு வாருகிறவன் கடன் ஒழிந்ததா?

எங்க ஊர் டீக்கடையில் ஒரு காலத்தில் எனக்குத் தனி கிளாஸ். அந்தக் கடை வடையில் இருந்த உப்புக்கு மட்டும் தீட்டே கிடையாது! எந்தக் கை வாரியது என்று எவனும் கேட்டதில்லை. நைவேத்தியத்தில் விழுந்து கருவறை வரைக்கும் போகும். உழைப்பு உள்ளே, உழைத்தவன் வெளியே. இதுதானய்யா உங்க தர்மம்!

'அகரியாக்களில் பெரும்பாலோர் கோலிகள், முஸ்லிம்களும் உண்டு, அவர்கள் தலித்தா?' என்று நம்ம தோழர்களே கேட்கிறார்கள். தொழிலாளியைத் தொழிலாளியிடமிருந்து பிரிப்பது சாதியின் வேலை. அதை நாமும் செய்வதா? தூத்துக்குடி அளத்தில் உப்புச் சுமக்கிற நம்ம பெண்களின் கண்ணைக் கூச வைக்கும் அதே வெளிச்சம்தான் ரண்ணிலும் அடிக்கிறது.

ஆகவே கேட்போம்: காலுக்குப் பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, மழைக்காலத்துக்குக் கூலி, நிலத்துக்கு உரிமை, கசப்பு நீர் லாபத்தில் பங்கு. இது பிச்சையில்ல, பாக்கி.

உப்பிட்டவரை நினைக்கச் சொன்னீர்கள். நினைத்துவிட்டோம். இனி கணக்கைத் தீருங்கள்.