ஏரி வண்டலும் ஆன்லைன் வகுப்பும்

கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் ஏறக்குறைய 20 கி.மீ. பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் பீங்கான் தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுப் பயிலகமும் இருக்கிறது. பூவராகர் கோயில் ஊரான ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து காலைப் பேருந்து பிடித்து அங்கே படிக்கப் போகும் ஒரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் பேருந்து நின்றது, பயிலகம் மூடியது, பாடம் செல்போனுக்குள் வந்தது. மண்ணைப் பிசைந்து கற்க வேண்டிய தொழில் நான்கு விரல் அகலக் கண்ணாடிக்குள் அடங்க வேண்டியதாயிற்று.

அந்தச் செல்போன் யாருடையது?

கிராமப்புறக் குழந்தைகளைப் பற்றிய 2021-ஆம் ஆண்டு ஏசர் (ASER) கல்வி ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்திருந்த குழந்தைகளில் 67.6 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் போன் இருந்த வீடுகளிலும் நான்கில் ஒரு குழந்தைக்கு அது கைக்கே கிடைக்கவில்லை. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது போனும் கிளம்பிவிடுகிறது. இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் போனுக்குக் காலை பத்து மணி நேரலை வகுப்பால் என்ன பயன்? ஆன்லைன் ஆசிரியர் எடுக்க வேண்டிய முதல் முடிவு இதிலிருந்தே வருகிறது: வருகைப் பதிவுக்காக நேரலையைக் கட்டாயமாக்கக் கூடாது. எந்த நேரத்தில் திறந்தாலும் பாடம் முழுமையாகக் கிடைக்க வேண்டும்.

தமிழக அரசு இந்த இடைவெளியைப் பல வழிகளில் அடைக்கப் பார்த்தது. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் 2020 ஜூலை முதல் வகுப்புவாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, கடலூர் உள்ளிட்ட 12 மாவட்டங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது. திரையால் எட்ட முடியாத பிள்ளையிடம் ஒரு தன்னார்வலரையே அனுப்பிய இந்த மூன்றாவது திட்டம்தான் நோயைச் சரியாகக் கண்டுகொண்டது என்பது இவ்விதழின் கருத்து.

2 ஜிபி எவ்வளவு தூரம் போகும்? நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி மணிக்கு 450 எம்பி தின்னும். நான்கரை மணி நேரத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அதே பாடத்தை 32 கிலோபிட் ஒலிப்பதிவாக அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 14.4 எம்பி போதும். இருபது நிமிடப் பாடம் 5 எம்பிக்குள் அடங்கும், சிக்னல் இழுக்கும் ஊரிலும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும்.

ஒலியை மட்டும் நம்பிப் பாடம் சொல்ல முயலும்போதுதான் ஆசிரியரின் பேச்சில் எத்தனை ‘இது’, ‘இங்கே’, ‘இப்படி’ என்பது தெரியவரும். ‘இந்தக் கோடு இங்கே வரும்போது ஜாக்கிரதை’ என்பது திரையைப் பார்க்க முடியாதவருக்கு வெறும் ஓசை. அதையே ‘சுமார் 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸின் பருமன் சட்டென்று மாறும், அந்தக் கட்டத்தில் சூளையை அவசரப்படுத்தினால் சாமான் விரிசல் விடும்’ என்றால் யாருக்கும் விளங்கும். பார்வையற்றவர், டேட்டா இல்லாதவர், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர், பேருந்தில் இயர்போனோடு வருபவர் என எல்லோருக்கும் அந்த ஒரே வாக்கியம் உதவுகிறது.

தமிழில் பாடம் தயாரிப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லை, திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் ‘ஜே, கே, பி, ஓ’ என்று படித்து, கடைசியில் ஓர் அரைப்புள்ளியையும் சேர்க்கும். தாய்மொழியில் எழுதப்பட்ட குறிப்பு பார்வையற்ற மாணவருக்கு இப்படித்தான் காதில் விழுகிறது என்பதை ஆசிரியர் ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலிக்கும். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே தமிழ் படிக்கிறது. தடையாக நிற்பது பழைய கோப்புதான். சோதனைக்குப் பத்து நொடி போதும்: பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், ஒருங்குறியில் தயாரித்ததாக இருந்தால் பெரும்பாலும் தமிழாகவே வரும். ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால் உரையை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். மறுபடி தட்டச்சு செய்வது நம்பகமான வழி.

காது கேளாத மாணவருக்கு வேண்டியவை வேறு. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும் ஆசிரியரின் முகம் இருண்டு போகும், உதட்டசைவு தெரியாது. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். பேசியதன் எழுத்து வடிவமும் பாடத்தோடு போக வேண்டும்.

கவனத்தைப் பிடித்து வைப்பது இன்னொரு கவலை. எட்எக்ஸ் இணையக் கல்வித் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் அதில் செலவிட்ட இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ நேரடி வகுப்பறைகளிலேயே கண்டார். மைக்கைத் திறக்கவே தடுமாறும் ஆன்லைன் மாணவருக்குப் பத்து நொடியாவது வேண்டும். பேசக் கூச்சப்படுபவர் எழுதியோ குரல்பதிவாகவோ பதில் அனுப்ப வழியிருக்க வேண்டும்.

ஸ்ரீமுஷ்ணம் மாணவருக்குக் களிமண்ணின் குழைவுத்தன்மையை இனி எப்படி நடத்துவது? ஐந்து நிமிடக் குரல்பதிவு ஒன்று போதும். பக்கத்து ஏரியிலிருந்து ஒரு கை வண்டல் எடுக்கச் சொல்லலாம். கல்லும் வேரும் நீக்கி, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து, பென்சில் கனத்துக்குத் திரியாக உருட்டி, ஆள்காட்டி விரலில் சுற்றச் சொல்லலாம். வெடிக்காமல் சுற்றிக்கொண்டால் நல்ல குழைவு, பிளந்தால் குறைவு. பிறகு கொஞ்சம் மணல் கலந்து மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். பார்வையற்ற மாணவர் பிளவை விரல் நுனியால் அறிவார். மற்றவர் படம் எடுத்தோ பேசியோ எழுதியோ அனுப்பலாம். இரவு போன் வீட்டுக்கு வந்த பிறகு அனுப்பினாலும் அது அன்றைய வருகையாகவே பதிவாக வேண்டும்.